தோழரின் திறமை மிதவை ஆகாது

டிசம்பரில் பருவத் தேர்வுகள் முடிந்ததும் தில்லி, ரூர்க்கி, சண்டிகர் விடுதிகளிலிருந்து ரிஷிகேஷுக்குக் கிளம்பும் மாணவர் குழுக்கள் பலவற்றில் இரண்டு பேரைக் காணலாம். ஒருவர் சில ஆண்டுகளாகக் கயாக் ஓட்டிப் பழகியவர். மற்றவர் அந்தப் படகில் ஒருமுறைகூட உட்கார்ந்திராதவர். முன்னவர் பின்னவரிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "நீ வா, நான் பார்த்துக்கொள்கிறேன்." அன்பினால் சொல்லப்படும் சொல் அது. ஆயினும் குளிர்கால ஆற்றங்கரையில் அதைவிட ஆபத்தான சொல் அரிது.

ஆபத்து, சொல்பவரின் நோக்கத்தில் இல்லை, திறமையிலும் இல்லை. ஒருவரின் திறமை இன்னொருவரின் உடலுக்குக் காப்பாக மாறிவிடும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியில் வருவது குதிரை அன்று, ஆற்று நடுவே திட்டாகத் தெரியும் மண்குதிர் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. கரையிலிருந்து பார்த்தால் உறுதியான நிலம்; காலை வைத்தால் கரைந்து போகும் மணல். சொல்லாராய்ச்சியின் முடிவு எதுவாயினும், அந்தப் படிமம் இங்கே பொருந்துகிறது. தேர்ந்த நண்பரின் திறமை புதியவருக்கு அப்படிப்பட்ட ஒரு குதிர்.

ஆகவே கேட்கப்பட வேண்டிய கேள்வி, புதியவரை ஆற்றுக்கு அழைக்கலாமா கூடாதா என்பதன்று. அழைப்பவர் அழைக்கப்படுபவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதே. அந்தக் கடன் ஆற்றில் தீர்க்கப்படுவதில்லை. அதற்கு முந்தைய சில மாதப் பயிற்சியில் தீர்க்கப்படுகிறது. அந்தப் பயிற்சி இன்று பெரும்பாலும் தவறான இடத்தில், தவறான அளவுகோலோடு நடக்கிறது.

முதலில் ஆற்றைப் பார்க்க வேண்டும். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கூடிய பிறகே கங்கை என்ற பெயர் வழங்குகிறது. அங்கிருந்து ரிஷிகேஷ் வரையிலான மலைப் பள்ளத்தாக்கில் கௌடியாலா, மரீன் டிரைவ், சிவபுரி, பிரம்மபுரி என்னும் இடங்கள் படகுக்காரர்களின் புறப்பாட்டுத் துறைகள். மழைக்காலத்தில் ஆறு சேறும் மரக்கட்டைகளுமாகப் பெருகி ஓடும். படகுத் தொழில் நின்றுவிடும். கோடையில் பனி உருகி நீர் ஏறும். குளிர்காலத்தில் மட்டும் நீர் குறைந்து, வண்டல் அடங்கி, மரகத நிறத்தில் தெளிந்து ஓடும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரியும். பார்ப்பவர் மனம் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடும்: நீர் குறைவு, எனவே ஆபத்து குறைவு.

இந்த முடிவு பாதிதான் உண்மை. நீரின் விசை குறைவது உண்மை. ஆனால் நீர் வடியும்போது வெள்ளத்தில் மூழ்கியிருந்த பாறைகள் வெளியே வருகின்றன. சில இடங்களில் ஓட்டம் குறுகிய வழிகளில் நெருக்கப்படுகிறது. பாகீரதியின் குறுக்கே தெஹ்ரி அணை இருப்பதால், மின் உற்பத்திக்கு நீர் திறந்துவிடப்படும் அளவைப் பொறுத்துக் கீழே மட்டம் மாறக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தெளிந்த நீர் இமயத்திலிருந்து இறங்கி வரும் நீர். அதன் குளிர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அமெரிக்கன் ஒயிட்வாட்டர் என்னும் அமைப்பு 1959இல் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய பாதுகாப்பு விதித்தொகுப்பு உலகெங்கும் ஆற்றுப் படகோட்டிகளால் பின்பற்றப்படுகிறது. ஆற்றுப் பாய்ச்சல்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் முறை அதில் உண்டு. அதோடு ஒரு குறிப்பும் உண்டு: நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், ஆற்றை ஒரு தரம் கூடுதலாகக் கடினமானதாகக் கொள்ள வேண்டும். அதாவது குளிர் என்பது சிறு வசதிக்குறைவு அன்று. பாறையைப் போல, சுழலைப் போல, அதுவும் ஆற்றின் ஒரு தடை.

அந்தத் தடை எப்படிச் செயல்படுகிறது என்பதை உடலியலாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தவரின் நிலையை 1–10–1 என்ற எளிய வாய்பாட்டில் அடக்கினார். முதல் ஒரு நிமிடம், கட்டுக்கடங்காத மூச்சை அடக்குவதற்கு. அடுத்த 10 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கும் காலம். அதன் பின்னும், பனிக்கட்டி போன்ற நீரிலேயே கூட, உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். உயிர்காப்புச் சட்டை அணிந்தவருக்கே இந்தக் கணக்கு பொருந்தும்.

இந்த வாய்பாடு ஒரு பொதுத் தவறெண்ணத்தைத் திருத்துகிறது. குளிர்நீரில் இறப்பவர்கள் உறைந்து இறக்கிறார்கள் என்பதே பலரின் எண்ணம். உண்மையில் பலர் அந்த நிலையை எட்டுவதே இல்லை. தோலில் திடீரெனக் குளிர் பட்டதும் உடல் தன்னிச்சையாக ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கிறது, தொடர்ந்து மூச்சு வாங்குகிறது, இதயத்துடிப்பு எகிறுகிறது. முகம் நீருக்குள் இருக்கும் கணத்தில் அந்தப் பெருமூச்சு வந்தால் உள்ளே போவது காற்றன்று, நீர். நீச்சல் குளத்தில் ஒரு நிமிடம் மூச்சடக்க வல்லவரும் குளிர்நீரில் சில வினாடிகளே தாக்குப்பிடிக்கக்கூடும். இதைக் குளிர் அதிர்ச்சி என்பர்.

இப்போது கயாக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். ராஃப்ட்டில் இருப்பவர் மிதவையின் மேல் அமர்ந்திருக்கிறார். கவிழ்ந்தால் வெளியே வீசப்படுகிறார். ஆற்றுக் கயாக்கிலோ ஓட்டுபவர் படகுக்குள் இடுப்புவரை செருகி அமர்ந்திருக்கிறார். நீர் புகாதபடி இடுப்பைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட் என்னும் உறை இறுக்கப்பட்டிருக்கிறது. படகு கவிழ்ந்தால் அவர் தலைகீழாக நீருக்குள் தொங்குகிறார். தேர்ந்தவர் துடுப்பை வீசி, இடுப்பைச் சொடுக்கி, சில வினாடிகளில் நிமிர்ந்துவிடுவார். நிமிரத் தெரியாதவர் உறையின் முனையிலுள்ள பிடியைக் கையால் தேடிப் பிடித்து, முன்னே இழுத்துக் கழற்றி, கால்களை உருவிக்கொண்டு வெளியேற வேண்டும். பிறகு ஓடும் நீரில் நீந்த வேண்டும்.

இங்கேதான் உண்மையான ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. ஒரே நாள், ஒரே ஆறு, ஒரே பாய்ச்சல். தேர்ந்தவருக்கும் நீருக்கும் உள்ள உறவு சில வினாடிகள். புதியவருக்கும் நீருக்கும் உள்ள உறவு பல நிமிடங்கள். ஆற்றின் குளிர் முழுவதும் ஏறக்குறைய ஒருவர் மீதே இறங்குகிறது. ஆனால் எந்தத் துறையில் இறங்குவது, எந்தப் பாய்ச்சலில் போவது, எப்போது கிளம்புவது என்று தீர்மானிப்பவர் மற்றவர். இன்னொன்றையும் கவனிக்கலாம்: பல ஆண்டு ஆர்வத்தில் பணம் சேர்த்து நல்ல உடை வாங்கி வைத்திருப்பவரும் தேர்ந்தவரே. நீர் புகாத டிரை சூட் அவர் உடலில் இருக்கும்; வாடகைக்கு எடுத்த, அளவு பொருந்தாத மெல்லிய வெட்சூட் புதியவர் உடலில் இருக்கும். குளிர்நீரில் அதிக நேரம் இருக்கப்போகிறவருக்கே குறைந்த காப்பு கிடைக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதே குளிர்காலப் பயிற்சியின் வேலை. ஆனால் பயிற்சி என்றதும் மாணவர் மனத்தில் எழும் சித்திரம் உடற்பயிற்சிக் கூடம். நவம்பரில் நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஓடத் தொடங்குகிறார்கள்; தண்டால் எண்ணிக்கை ஏறுகிறது; எடை தூக்குகிறார்கள்; கைப்பேசிச் செயலியில் நாள்தோறும் கணக்கு வளர்கிறது. இவை வீண் என்று சொல்ல முடியாது. துடுப்பு வலிப்பது தோளின் வேலை போலத் தோன்றினாலும் அது உடற்பகுதியைத் திருப்பும் வேலை. வயிறும் முதுகும் வலுவாக இருந்தால் தோள் தப்பும். நீண்ட மெதுவோட்டம் மூச்சின் அடித்தளத்தை அமைக்கும். களைப்புற்றவர் தவறிழைப்பார், வலுவுள்ளவர் தாமதமாகக் களைப்பார்.

ஆனால் வலிமை எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குளிர் அதிர்ச்சியைத் தசை தடுப்பதில்லை. கொழுப்பைக் கரைத்து மெலிந்த உடல், கண்ணாடிக்கு முன் எவ்வளவு அழகாக இருந்தாலும், நீரில் வெப்பத்தை விரைவாக இழக்கும். அதைவிட முக்கியமாக, உடற்பயிற்சிக் கூடம் புதியவருக்கு ஒரு பொய்யான சான்றிதழைக் கொடுத்துவிடுகிறது. மூன்று மாதம் உழைத்துவிட்டேன், எனவே தயாராகிவிட்டேன் என்று அவர் நம்புகிறார். நண்பரும் அதையே நம்புகிறார். இருவரும் சேர்ந்து அளந்தது உடலை. ஆறு கேட்கப்போவது வேறொன்றை.

ஆறு கேட்பது என்ன? முதலாவது, தலைகீழாகத் தொங்கும்போது பதறாமல் வெளியேறும் பழக்கம். இதை அசையாத வெதுவெதுப்பான நீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, மறுபடியும் மறுபடியும் செய்தே கற்க முடியும். ஒருமுறை செய்து காட்டியது கற்றதாகாது. கண்ணை மூடிக்கொண்டும், ஒரு கையால் மட்டும் தடவியும், சற்று ஓடி மூச்சு வாங்கிய நிலையிலும் செய்ய முடிந்தால்தான் அது உடலின் பழக்கம்.

இரண்டாவது, ஓடும் நீரில் நீந்தும் முறை. குளத்தில் கற்ற நீச்சல் ஆற்றில் பாதிதான் உதவும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை மேலே வைத்து மிதக்க வேண்டும். பாறை வந்தால் காலால் தள்ள வேண்டும். எடி எனப்படும், பாறைக்குப் பின்னே நீர் திரும்பி அடங்கும் இடம் தெரிந்ததும் குப்புறத் திரும்பி முழு வேகத்தில் அதை நோக்கி நீந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், முழங்கால் ஆழத்துக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்கக் கூடாது. இது உள்ளுணர்வுக்கு நேர் எதிரான விதி. கரைக்கு அருகே வந்தவர் இயல்பாகக் காலை ஊன்றுவார். கால் பாறை இடுக்கில் சிக்கினால் நீரின் விசை உடலை முன்னே மடக்கி முகத்தை அமிழ்த்திவிடும். இடுப்பளவு நீரில் வலிமையான நீச்சல்காரர்களும் இறப்பதற்கு இது ஒரு காரணம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற அறிவுரை இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

மூன்றாவது, மீட்கப்படும் கலை. மீட்பதற்கு மட்டும் பயிற்சி போதும் என்பது தேர்ந்தவர்களிடம் காணப்படும் பிழை. வீசப்படும் கயிற்றைப் பிடிப்பதற்கும் முறை உண்டு: கயிற்றைத் தோளுக்கு மேலாகப் போட்டு, மார்போடு சேர்த்துப் பிடித்து, மல்லாந்து கிடக்க வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. புல்தரையில் ஒரு மாலைப்பொழுதில் இதைக் கற்பிக்கலாம். கற்பிக்கப்படாதவர், தம்மைக் காப்பாற்ற வந்த படகையே கவிழ்த்துவிடக்கூடும்.

நான்காவது, குளிரோடு பழக்கம். இது ஆய்வுகள் தெளிவாகக் காட்டிய ஒன்று. சில நிமிடங்களே நீளும் ஐந்தாறு குளிர்நீர் முழுக்குகள் கூட, அதிர்ச்சியின் வேகத்தைக் குறிப்பிடத்தக்க அளவு தணிக்கின்றன. அந்தப் பழக்கம் பல மாதங்களுக்கு ஓரளவு நிலைக்கவும் செய்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிப்டன் நெடுங்காலம் ஆராய்ந்த பொருள் இது. இதற்குச் செலவேதும் இல்லை. சனவரியில் தில்லி விடுதியின் குழாயிலிருந்து வரும் வாளித் தண்ணீரே ஒரு தொடக்கம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. யாரும் தனியே நீரில் முழுகிப் பழகக் கூடாது. இந்த இரண்டு எச்சரிக்கைகளோடு செய்தால், பல வாரத் தண்டால் தராத ஒன்றை இந்தச் சில முழுக்குகள் தரும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் குறுக்கிடுகிறது. வட இந்தியாவில் திறந்தவெளி நீச்சல் குளங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும். விடுமுறையோ டிசம்பரில் வருகிறது. எனவே குளத்தில் கற்க வேண்டியதைக் கற்காமலே, தரையில் ஓடி, நேராக ஆற்றுக்குப் போகும் வழக்கம் உருவாகிவிட்டது. இது யாருடைய சோம்பலும் அன்று, நாட்காட்டியின் கோளாறு. ஆனால் நாட்காட்டியைத் திருப்பிப் போட முடியும். குளங்கள் மூடுவதற்கு முன், செப்டம்பரிலும் அக்டோபரிலும், கவிழ்ந்து வெளியேறும் பயிற்சியை முடித்துவிடலாம். நவம்பர் முதல் சனவரி வரை உடலையும் குளிர்ப் பழக்கத்தையும் வளர்க்கலாம். பிப்ரவரியில் அசையாத நீரில் துடுப்புப் பழகி, மார்ச்சில், காற்றேனும் வெதுவெதுப்பாகும் நாளில், பிரம்மபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரையிலான எளிய பகுதியில் முதன்முதலாக இறங்கலாம். அலைகள் சீறும் கௌடியாலாப் பகுதி அடுத்த ஆண்டுக்கும் அங்கேயே இருக்கும்.

தெற்கிலிருந்து வடக்கே படிக்க வரும் மாணவர்கள் கூடுதலாக ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழை ஆறுகளில் கயாக் பருவம் என்பது மழைக்காலம். அங்கே நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் படகோட்டிகளும் வருகிறார்கள். அந்த நீர் சீற்றமானது, ஆனால் உறைய வைப்பதன்று. அங்கே கவிழ்ந்து கவிழ்ந்து கற்றவருக்குக் கவிழ்வது ஒரு விளையாட்டு. அதே துணிச்சலை சனவரிக் கங்கைக்குக் கொண்டுவந்தால், உடல் எதிர்பாராத ஒரு பதிலைத் தரும். ஓர் ஆற்றில் ஈட்டிய அனுபவம் இன்னோர் ஆற்றுக்கு அப்படியே செல்லுபடியாவதில்லை.

இவையெல்லாம் தேர்ந்த நண்பருக்குத் தெரியாதவை அல்ல. பிறகு ஏன் அவர் கற்பிப்பதில்லை? அறிவின் இயல்பிலேயே ஒரு விடை இருக்கிறது. மைக்கேல் பொலானி விளக்கிய உள்ளுறை அறிவு என்ற கருத்து ஆய்வுலகுக்குப் பழக்கமானதே: திறமை முதிர முதிர அது சொல்லுக்கு அப்பால் சென்றுவிடுகிறது. மிதிவண்டி ஓட்டுபவர் சமநிலையை எப்படிக் காக்கிறார் என்று அவராலேயே சொல்ல முடியாது. கயாக் ஓட்டுபவரும் அப்படியே. முதன்முதல் கவிழ்ந்தபோது ஏற்பட்ட அச்சம் அவருக்கு நினைவில் இல்லை; அந்த அச்சத்தைக் கடந்ததால்தான் அவர் தேர்ந்தவரானார். "ஒன்றுமில்லை, எளிதுதான்" என்று அவர் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. அவருக்கு அது எளிதுதான். ஆசிரியர் என்பவர் எளிதாகிப்போனதை மறுபடியும் கடினமாகக் காணப் பழகியவர். நண்பர் அந்தப் பழக்கம் பெறாதவர்.

மறுபக்கம், புதியவர் ஏன் கேட்பதில்லை? பனிச்சரிவு விபத்துகளைப் பற்றிய ஓர் ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. இயன் மக்காமன், 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பனிமலை சென்றோர் சிக்கிய 715 விபத்துகளை ஆராய்ந்தார். கண்முன்னே எச்சரிக்கைக் குறிகள் இருந்தும் குழுக்கள் ஏன் முன்னே சென்றன என்பதே அவர் கேள்வி. மனம் பயன்படுத்தும் சில குறுக்குவழிகளை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்று, குழுவில் தேர்ந்தவராகத் தோன்றும் ஒருவரைச் சுற்றி எழும் ஒளிவட்டம். அவர் இருக்கிறார் என்ற காரணத்தாலேயே மற்றவர்கள் தம் கண்ணால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று, மற்றவர்களால் ஏற்கப்பட வேண்டும், மதிக்கப்பட வேண்டும் என்ற விருப்பம்.

பனிமலைக்குச் சொன்னது ஆற்றுக்கும் பொருந்தும். நட்பில் அது இருமடங்காகும். கூலி பெறும் வழிகாட்டியிடம் "பயமாக இருக்கிறது, நான் வரவில்லை" என்று சொல்வது எளிது. மூன்று மாதம் கூடவே ஓடிய நண்பரிடம், எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குப் பிறகு, மற்றவர்கள் படகைத் தோளில் ஏற்றிவிட்ட நிலையில், அதைச் சொல்வது எளிதன்று. அந்த நேரத்தில் புதியவர் அஞ்சுவது ஆற்றுக்கு அன்று, நண்பரின் ஏமாற்றத்துக்கு. அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு புதியவருடையதன்று.

ஒரு வரலாற்று எடுத்துக்காட்டு இந்தப் பொருளின் இன்னொரு முனையைக் காட்டும். கயாக் என்ற சொல்லே ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்களிடமிருந்து வந்தது. கவிழ்ந்த படகைத் துடுப்பால் நிமிர்த்தும் வித்தையும் அவர்களுடையதே. தோலுடையைப் படகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சீல் வேட்டைக்குப் போன வேடனுக்கு அது வித்தை அன்று. வீடு திரும்பும் வழி. ஜினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1930–31 பயணத்தின்போது கிழக்கு கிரீன்லாந்து மக்களிடம் அதைக் கற்றார். மிகத் திறமையாகவே கற்றார். 1932 ஆகஸ்டில், மறுபடியும் கிரீன்லாந்து சென்றிருந்தபோது, தனியே வேட்டைக்குப் போனார். அவருடைய கயாக் மட்டும் மிதந்துகொண்டிருந்தது, அவர் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 25. குளிர்நீரில் தேர்ந்தவரின் திறமை அவரையே காக்கப் போதாத தருணங்கள் உண்டு என்றால், அது பக்கத்துப் படகிலிருக்கும் இன்னொருவரையும் சேர்த்துக் காக்கும் என்று எப்படி நம்புவது?

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஜூன் மாதத்தில், உரிய கொள்கை வகுக்கும்வரை ஆற்றுப் படகு உள்ளிட்ட விளையாட்டுகளை நிறுத்திவைக்குமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. உரிமம், வழிகாட்டியின் தகுதி, கருவிகளின் தரம் ஆகியவை பற்றிய பேச்சு அப்போது பரவலாக எழுந்தது, எழ வேண்டியதே. ஆனால் அந்த ஒழுங்குமுறை தொடுவது தொழில் நடத்துபவரை. சொந்தப் படகோடு, சொந்த நண்பரோடு, ஒரு விடுமுறைக் காலையில் துறையில் இறங்குபவரை அது பெரிதும் தொடுவதில்லை. அங்கே விதி என்பது இருவருக்கும் இடையிலான ஒழுக்கம் மட்டுமே.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். இரண்டும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

முதல் மறுப்பு: ஆபத்தில்லாத சாகசம் சாகசமே அன்று, எல்லோரும் விழுந்து எழுந்துதான் கற்றார்கள், ஒவ்வொருவரும் தம் பங்கேற்பைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதித்தொகுப்பே சொல்கிறதே. உண்மை. ஆனால் தீர்மானிப்பது என்றால் எதைத் தீர்மானிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தேர்ந்தவர் தம் ஆபத்தை அறிந்து ஏற்கிறார். புதியவர் ஏற்பது நண்பரை. ஆபத்தை அவர் இன்னும் கண்டதே இல்லை. குளத்தில் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தவர், குளிர்நீரில் மூச்சு எகிறுவதை ஒருமுறை உணர்ந்தவர், சரி என்று சொன்னால் அது அவருடைய தீர்மானம். பயிற்சி சாகசத்தைக் குறைப்பதில்லை. சாகசத்தைப் புதியவருக்கும் உரியதாக்குகிறது.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது. முறையான பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் வேண்டும். கருவிகளுக்குப் பணம் வேண்டும். இந்தியாவில் மலையும் ஆறும் பொழுதுபோக்காவது பெரும்பாலும் வசதி படைத்தோருக்கே. சிற்றூரிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்த ஒரு மாணவருக்கு ஆற்றின் கதவைத் திறப்பது நண்பர் ஒருவரே. நட்பு வழிக் கற்பித்தலை இப்படிக் கடுமையாக அளந்தால் அந்தக் கதவும் அடைபடாதா?

அடைபடாது, அடைபடவும் கூடாது. நட்பு வழிக் கற்பித்தல் பெருமைக்குரியது என்பதனாலேயே அதற்கு ஒரு முறைமை வேண்டும். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. கயிறு வீசப் புல்தரை போதும். குளிர் பழக வாளி போதும். ஓடப் பாதை போதும். தேவைப்படுவது தேர்ந்த நண்பரின் நேரமும், தம் பொழுதுபோக்கை ஒரு பருவத்துக்குப் புதியவரின் வேகத்தில் நடத்தும் பொறுமையும்தான். ஏழை மாணவருக்கு இலவசமாகக் கதவைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்பவர், அந்த மாணவரைக் காப்பில்லாத உடலோடு உள்ளே அனுப்பினால் அது கொடையாகாது. அவர் வீட்டார் நீச்சல் குளத்தையே பார்த்திராதவர்களாக இருக்கலாம்; விபத்து நேர்ந்தால் அதைத் தாங்கும் வசதியும் அவர்களுக்கே குறைவு.

அந்த முறைமையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். புதியவர் கவிழ்ந்து வெளியேறுவதைப் பதற்றமின்றிப் பலமுறை செய்து காட்டும்வரை ஓடும் நீர் இல்லை. குழுவில் இருக்கும் சிறந்த குளிர்காப்பு உடை, அளவு பொருந்தினால், புதியவருக்கு. பொருந்தாவிட்டால் வேறு நாள், வேறு பருவம். இருவர் மட்டும் போவதில்லை: மேற்சொன்ன விதித்தொகுப்பு மூன்று பேர் அல்லது இரண்டு படகுகளைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது, புதியவர் உடனிருந்தால் மூன்று படகோட்டிகளே குறைந்தபட்சம். ஏனெனில் ஒருவர் நீரில் இருக்கும்போது ஒருவர் அவரை மீட்க வேண்டும், ஒருவர் கயிற்றோடு கீழே காத்திருக்க வேண்டும். ஆற்றின் எந்தப் பகுதி என்பதைக் குழுவின் சிறந்தவர் அன்று, குழுவின் புதியவரே அளவுகோலாக இருந்து தீர்மானிக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டிகளிடம் அன்றைய நீர்மட்டத்தைக் கேட்க வேண்டும். நாள்தோறும் அந்த ஆற்றில் இறங்குபவர்களின் பேச்சுக்கு இணையான வரைபடம் இல்லை.

கடைசி விதி எல்லாவற்றிலும் சிறியது, கடைப்பிடிக்கக் கடினமானது. யார் வேண்டாம் என்றாலும், காரணம் கேட்காமல் ஏற்க வேண்டும். பாய்ச்சலுக்கு முன் படகைக் கரையேற்றி, தோளில் சுமந்து, பாறைகள் மேல் நடந்து, கீழே மறுபடி இறங்குவது உலகின் மிகச் சிறந்த படகோட்டிகளும் செய்வதே. அது தோல்வி என்ற எண்ணம் ஆற்றில் பிறந்ததன்று. கரையில், பேச்சில், படம் பிடிக்கும் கைப்பேசிகளில் பிறந்தது. தேர்ந்தவர் முதல் நாளிலேயே ஒரு பாய்ச்சலைத் தாமாகவே நடந்து கடந்து காட்டினால், புதியவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பல்கலைக்கழக மலையேற்றக் கழகங்களும் படகுக் கழகங்களும் இதை எழுதப்படாத வழக்கமாக விடாமல், எழுதப்பட்ட நடைமுறையாக்கலாம். குளங்கள் மூடும் முன் அக்டோபரில் இரண்டு வாரம், கவிழ்ந்து வெளியேறும் பயிற்சிக்குக் குளத்தை ஒதுக்கச் சொல்லலாம். குளிர்காலத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செலவிடும் மாலைகளில் வாரத்துக்கு ஒன்றையேனும் கயிற்றுக்கும் மீட்புக்கும் தரலாம். ஆண்டு அறிக்கையில் எத்தனை பாய்ச்சல்கள் கடக்கப்பட்டன என்று எழுதும் பக்கத்திலேயே, எத்தனை புதியவர்கள் அடுத்த பருவத்துக்கும் திரும்பி வந்தார்கள் என்றும் எழுதலாம். முதல் நாள் அச்சுறுத்தப்பட்டவர் சொல்லாமல் விலகிப் போவார். அவரை யாரும் கணக்கெடுப்பதில்லை. அந்த எண்ணிக்கை ஏறினால், அந்தக் கழகத்தில் கற்பித்தல் நடந்திருக்கிறது என்று பொருள்.

"நீ வா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதற்குப் பதிலாக நண்பர் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு. அது அத்தனை கவர்ச்சியானதன்று: "அக்டோபரில் குளத்துக்கு வா, மார்ச்சில் ஆற்றுக்குப் போவதா என்று அப்புறம் நீ சொல்." இடையில் கிடக்கும் ஐந்து மாதங்களை இருவரும் சேர்ந்து உழைத்துக் கடந்திருந்தால், மார்ச்சில் புதியவர் போகலாம் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொன்னாலும் அந்த நட்புக்குக் குறைவில்லை.